ஓக் மரத் தரை போடப் போகிறீர்களா?

சித்திரை வெயிலில் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சிவப்பு சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் 'அப்பாடா!' என்றிருக்கும். நம் ஊரில் தரை ஜில்லென்று இருந்தால் அது நல்ல வீடு. மத்தியானத்தில் பாய்கூட வேண்டாம், முந்தானையை விரித்துப் படுத்துவிடலாம். அதே ஜில்லிப்பு லண்டனில் ஜனவரி மாதத்தில் உள்ளங்காலில் ஏறினால்? கம்பளிக் காலுறை இரண்டு போட்டாலும் போதாது. வீட்டில் தவழ்கிற குழந்தையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் குடியேறியிருக்கும் பகுதிகளில், விக்டோரியா ராணி காலத்திலும் அவருக்குப் பின் வந்த எட்வர்ட் மன்னர் காலத்திலும் கட்டிய வரிசை வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. எல்லாம் நூறு வயது தாண்டியவை. கடனை வாங்கி அப்படி ஒரு வீட்டில் குடிபுகுந்த இளம் தாய்மார்களின் கண்ணில் முதலில் படுவது, முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன அழுக்குக் கார்ப்பெட்தான். இதைப் பிய்த்துப் போட்டுவிட்டு மரத் தரை போட்டால் என்ன, கூட்டித் துடைக்கச் சுலபம், தூசி தங்காது என்று நினைப்பது நியாயமே. கடைக்குப் போனால், "என்ஜினியர்டு ஓக் போடுங்க, ஹீட்டிங் இருக்கிற வீட்டுக்கு அதுதான் ஏத்தது" என்கிறார்கள்.

சொல்வது சரிதான். ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். பலகையின் நிறம் பார்ப்பதில் ஒரு மாதம் செலவழிக்கிற நாம், அந்தப் பலகை எதன் மேல் உட்காரப்போகிறது என்று பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. பழைய வீட்டில் போட்ட பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுக்கு மரம் எதற்கு?

ஐப்பசி மழையில் நம் வீட்டு வாசற்கதவு நிலையோடு பிடித்துக்கொள்ளும். பங்குனி வந்தால் தானாகவே ஆடும். மரம் ஈரத்தைக் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில்தான் இந்த ஆட்டமெல்லாம்.

லண்டன் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. மரம் காய்வது குளிர்காலத்தில். ஏன் தெரியுமா? குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைச் சுமக்க முடியாது. வெளியே 0 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் காற்றுகூட, வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 30 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடும். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஈரம் கொடுக்கும். இருந்தாலும் நாள் முழுக்க ரேடியேட்டர் எரிகிற வீட்டில் உதடு வெடிப்பது போலவே மரமும் வெடிக்கத் தயாராக இருக்கும். முழு ஓக் பலகை போட்ட தரையில் டிசம்பரில் காசு விழுகிற அளவுக்கு இடைவெளி விழும், கோடையில் மறுபடி மூடிக்கொள்ளும்.

இதற்குத்தான் அடுக்குப் பலகை. மேலே நிஜமான ஓக், கீழே பிளைவுட்டோ வேறு மர அடுக்குகளோ. ஒன்றின் நார் கிழக்கு மேற்காக ஓடினால் அடுத்ததன் நார் தெற்கு வடக்காக ஓடும். ஒன்று நகரப் பார்த்தால் மற்றது பிடித்து நிறுத்தும். ஸ்வீடன் நாட்டில் குஸ்தாவ் கேர் என்பவர் இப்படி அடுக்கிய தரைப் பலகைக்கு 1941-ல் காப்புரிமை பெற்றார். அதுவும் குளிர் தேசம், வீட்டைச் சூடாக்கி வாழ்கிற தேசம். தேவை அங்கேதானே பிறக்கும்!

ஒன்றை மறக்க வேண்டாம். அடுக்குப் பலகையின் ஆட்டம் குறைவுதான். ஆடவே ஆடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் கீழே பாருங்கள்

இந்தப் பழைய வீடுகளின் முன் அறைகளில் தரை என்று நாம் நினைப்பது பலகைகள்தான். சுவரிலிருந்து சுவருக்கு மரச் சட்டங்கள் ஓடும். இங்கே அவற்றை ஜாயிஸ்ட் என்பார்கள். அவற்றின் மேல் பைன் மரப் பலகைகள். அடியில் வெறும் இடம், அதற்கும் கீழே மண். அந்த வெற்றிடத்துக்குக் காற்றுப் போக வேண்டும் என்றே, வெளிச்சுவரில் தரை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டை போட்ட செங்கல்களை வைத்திருப்பார்கள். ஏர் பிரிக் என்று பெயர். அந்தக் காலத்துக் கொத்தனார் காரணத்தோடுதான் வைத்தார்.

நாம் என்ன செய்கிறோம்? 'குளிர்காத்து அது வழியாத்தான் வருது' என்று பழைய துணியை வைத்து அடைக்கிறோம். அல்லது பின்கட்டில் புதிதாகக் கல் பாவும்போது மண்ணை உயர்த்தி, அந்தச் செங்கல்லைப் புதைத்துவிடுகிறோம். அன்றிலிருந்து மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லை, ஜாயிஸ்ட் அதைக் குடிக்கத் தொடங்கும். மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்தைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இங்கே உலர் அழுகல் என்று ஒன்றைச் சொல்லிப் பயப்படுவார்கள். பெயர்தான் உலர்; ஈரம் இல்லாமல் அது பிறக்காது. பிறந்துவிட்டாலோ செங்கல் சுவரைக்கூடத் துளைத்துக்கொண்டு அடுத்த மரத்தைத் தேடிப் போகும்.

அப்படிப்பட்ட தரையின் மேல் நல்ல விலைக்கு வாங்கிய ஓக்கைப் போடுவது, ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது போல. மேலே பளபளவென்று இருக்கும், கீழே அரித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் கார்ப்பெட்டை மூலையில் தூக்குங்கள். இரண்டு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கோணிச்சாக்கு மாதிரி வாடை வருகிறதா? அறை நடுவே நின்று குதிகாலைத் தூக்கி இறக்கினால் தரை தொய்கிறதா? சுவரோரச் சட்டத்தில் சாவியால் குத்தினால் உள்ளே போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும், பலகைக்கு வைத்திருந்த பணத்தை முதலில் கீழே செலவழியுங்கள்.

எல்லாம் நன்றாக இருந்தால் இரண்டு நல்லது நடக்கலாம். ஒன்று, ஜாயிஸ்ட்களுக்கு நடுவே வலை கட்டி, 100 மில்லிமீட்டர் கனத்துக்குக் கனிமப் பஞ்சு வைத்துவிடலாம், ஏர் பிரிக்கை மட்டும் மறைக்காமல். கால் சூடாக இருப்பதற்கு ஓக்கைவிட இந்தப் பஞ்சுதான் அதிகம் உதவும். விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். அவர் விற்பது ஓக். இன்னொன்று, அந்தப் பழைய பைன் பலகைகளே நல்ல நிலையில் இருக்கலாம். நூறு வருடம் காய்ந்து உறுதிப்பட்ட மரம். இடுக்குகளை மரச் சீவலால் அடைத்து, எண்ணெய் பூசினால் அதுவே அழகு. அப்படியானால் புதுத் தரை எதற்கு?

ஆனால் அந்தப் பழைய பலகையை நீங்களாகத் தேய்க்க இறங்காதீர்கள். ஓரங்களில் பூசியிருக்கும் பழைய பெயிண்டில், முக்கியமாக 1960-களுக்கு முந்தியதில், ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பறக்கும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அது விஷம். ஈயம் இருக்கிறதா என்று சோதித்த பிறகு, தாயும் பிள்ளையும் வேறு இடத்தில் இருக்கும்போதுதான் அந்த வேலை நடக்க வேண்டும்.

சமையலறைப் பக்கம் வந்தால் கதை வேறு. அங்கே பிற்காலத்தில் கான்கிரீட் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஒன்பது அங்குலச் சதுர வினைல் ஓடுகள், அடியில் தார் போன்ற கருப்புப் பசை தென்பட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். பிரிட்டனில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-ல்தான். சுரண்டாமல், உடைக்காமல், ஒரு துண்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். பல சமயம் அதை அசைக்காமல் அப்படியே மூடிவிடுவதே பாதுகாப்பு என்று நிபுணர் சொல்வார்.

கான்கிரீட் புதிதாக இருந்தால் பொறுமை வேண்டும். முதல் 50 மில்லிமீட்டர் கனம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் காயும் என்பது கணக்கு. அதற்கு மேல் இன்னும் மெதுவாகத்தான். 'தொட்டுப் பார்த்தேன், காஞ்சிருக்கு' என்பதெல்லாம் செல்லாது. தரையில் ஈரமானியைக் கவிழ்த்து மூடி வைத்து, அளவு 75 சதவிகிதத்துக்கு மேல் காட்டினால், காத்திருக்க வேண்டியதுதான்.

"ஏண்டி, மரத்துல தரை போட்டா கரையான் அரிச்சுடாதா?" என்று ஊரிலிருந்து பிரசவம் பார்க்க வந்த அம்மா கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தேசத்தில் கரையான் கிடையாது. டெவன் மாவட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் 1990-களில் கண்டுபிடித்து, அதை ஒழிக்க ஆண்டுக்கணக்கில் போராடி, 2021-ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அங்கே மரத்துக்கு எதிரி ஈரமும், ஈர மரத்தை விரும்பும் ஒரு சிறு வண்டும்தான். அம்மாவுக்கு நிம்மதியாகப் பதில் சொல்லலாம்.

கடையில் என்ன கேட்பது?

முதல் கேள்வி: "மேலே இருக்கிற ஓக் எத்தனை மில்லிமீட்டர்?" பலகையின் மொத்தக் கனம் 14-லிருந்து 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதைப் பெருமையாகச் சொல்வார்கள். விஷயம் மேலடுக்கில். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தாள் போன்ற ஓக்கை ஒட்டியதும் உண்டு. கீறல் விழுந்தால் இழைத்துப் புதுப்பிக்க அதில் ஒன்றுமே இல்லை. 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருந்தால் பிற்காலத்தில் ஓரிரு முறை இழைக்கலாம். உங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்வரை தரை வரும். 6 மில்லிமீட்டர் நல்லதுதான், ஆனால் குடும்ப வீட்டுக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

அகலமான பலகை கண்ணுக்கு அழகு. ஆனால் அகலம் கூடக்கூட ஆட்டமும் கூடும். ஈரமும் சூடும் மாறி மாறி வரும் பழைய வீட்டுக்கு 190 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கணுவே இல்லாத வழவழப்பான ரகத்துக்கு விலை அதிகம். கணுவும் ரேகையும் நிறைந்த ரகத்துக்கு விலை குறைவு. பிள்ளைகள் வண்டி ஓட்டும் வீட்டுக்கு இரண்டாவதே மேல். ஸ்பூன் விழுந்த பள்ளமும் கணுவோடு கணுவாகக் கலந்துவிடும். மேல்பூச்சில் இரண்டு வகை: லேக்கர், எண்ணெய். எண்ணெய் பூசிய தரையில் கீறல் பட்ட இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். லேக்கர் தரையில் அது முடியாது, ஆனால் கறை சீக்கிரம் இறங்காது. மஞ்சளும் சாம்பாரும் புழங்கும் நம் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு, பளபளப்பில்லாத லேக்கரே போதும் என்பேன். வெளுத்த நிறத் தரையில் மஞ்சள் கறை பட்டால் பார்க்கச் சகிக்காது!

அடுக்குகளை ஒட்டிய பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாடை பற்றியும் கேளுங்கள். ஐரோப்பாவில் E1 என்ற தரம் உண்டு. பெட்டியில் அது எழுதியிருக்க வேண்டும். போட்ட முதல் வாரங்களில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கார்ப்பெட்டைத் தவிர வேறு தரை போடக்கூடாது என்று அதில் எழுதியிருப்பது சகஜம். கீழ்வீட்டுக்காரரின் தலையில் நம் பிள்ளை ஓடுகிற சத்தம் கேட்குமல்லவா?

ஆள் வந்து வேலை செய்யும்போது

வீட்டில் பூச்சு வேலை, பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்து, சுவர் காய்ந்து, ஹீட்டிங் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பலகை உள்ளே வர வேண்டும். வெளிக் கொட்டகையில் இறக்கிவைத்து மழைச்சாரல் பட்ட பெட்டியை அப்படியே போட்டால், இரண்டு மாதத்தில் அது தன் குணத்தைக் காட்டும். எத்தனை நாள் அறையில் கிடக்க வேண்டும், பெட்டியைப் பிரிக்கலாமா கூடாதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள்.

இரண்டு மீட்டர் நீளச் சட்டத்தைத் தரையில் வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. பழைய பலகையின் மேல் போடும்போது அதற்குக் குறுக்காகப் புதியது ஓட வேண்டும், அல்லது நடுவில் மெல்லிய பிளைவுட் வேண்டும். இதெல்லாம் ஆசாரிக்குத் தெரியும். அவர் அவசரத்தில் விட்டுவிடுகிற ஒன்று உண்டு; அதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். சுவரைச் சுற்றி 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். "சுவரோட ஒட்டிப் போட்டாத்தான்மா சுத்தமா இருக்கும்" என்பார். விடாதீர்கள்! கோடையில் மரம் விரியும்போது போக இடமில்லாவிட்டால் அறை நடுவே கூரை போல எழும்பி நிற்கும். அந்த இடைவெளியை ஓரச் சட்டம் மறைத்துவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது.

ரேடியேட்டருக்குப் போகும் செம்புக் குழாயும், சில சமயம் எரிவாயுக் குழாயும் பலகைக்கு நேர் அடியில்தான் ஓடும். ஆணி அடிப்பதற்கு முன் அவற்றின் பாதையைச் சுவரில் பென்சிலால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். புகைக்கூண்டோடு கூடிய பழைய எரிவாயு அடுப்பு அறையில் இருந்தால், இடுக்கையெல்லாம் அடைப்பதற்கு முன் பதிவுபெற்ற எரிவாயுப் பொறியாளரைக் கேளுங்கள். அதற்குக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு வாசனை கிடையாது.

தரைக்கு அடியிலேயே சூடேற்றும் அமைப்பு வைப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பலகையை மிதக்க விடுவதைவிட, வளைந்துகொடுக்கும் பசையால் ஒட்டுவது நல்லது; சூடு நேராக மேலே வரும். போடுவதற்கு முன் சூட்டை அணைத்து, போட்டபின் நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்ற வேண்டும். மரத்தின் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக்கூடாது. நம் வீடுகளில் இதைக் கெடுப்பது எது தெரியுமா? மெத்தை! விருந்தாளி வந்தால் கூடத்தில் மெத்தையும் ஜமக்காளமும் விரித்துவிடுகிறோம். சூடு வெளியேற முடியாமல் அதன் அடியில் மரம் வெந்துபோகும். காலையில் எழுந்ததும் சுருட்டி வையுங்கள்.

குடியிருக்கும்போது

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் தரை சுத்தம் என்ற பழக்கத்தை விட வேண்டும். ஒட்டப் பிழிந்த துணி போதும். ஆவி அடிக்கும் துடைப்பான் கூடவே கூடாது. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புச் சத்து உண்டு. ஈரமான இரும்பு பட்டால் மை போலக் கறுத்துவிடும். ஈரத்தோடு இரும்புத் தோசைக்கல்லைத் தரையில் வைத்தால் வட்டமாக முத்திரை விழும். கிரைண்டருக்கு அடியில் தட்டு, குத்துவிளக்குக்கு அடியில் தாம்பாளம். மாக்கோலத்தை வாசற்கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரும் நம் வழக்கத்தை மட்டும் இந்தத் தரை கையெடுத்துக் கும்பிடும், மணல்தான் அதற்குப் பெரிய அரம்.

சின்ன ஈரமானி ஒன்றை அலமாரியில் வையுங்கள். 40-க்கும் 60-க்கும் நடுவே இருந்தால் மரத்துக்கும் மூக்குக்கும் நல்லது. குறைந்தால் ஹீட்டிங்கைக் கொஞ்சம் தணியுங்கள். குழந்தைத் துணிகளை ரேடியேட்டர் மேல் காயப்போட்டு 70-க்கு ஏறினால் ஜன்னலைத் திறங்கள்.

எண்ணெய்ப் பூச்சுத் தரைக்கு மறுபூச்சு போடும் நாளில் ஓர் எச்சரிக்கை. பூசிய துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருட்டிப் போட்ட துணி நெருப்பில்லாமலே தீப்பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

வாங்கும்போது தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவது வழக்கம். மூலை முடுக்குக்கு வெட்டுவதில் கழியும். மீந்த பலகைகளைப் பரணில் போடாதீர்கள், அங்கே குளிரும் ஈரமும் வேறு. கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் படுக்கவைத்து, பெட்டியின் மேல் ரகத்தின் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி வையுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தண்ணீர்க் குழாய் ஒழுகி நாலு பலகை கெட்டுப்போனால், அதே நிறம் கடையில் கிடைக்காது.